கிணற்றடியில் கட்டிய சைக்கிள்

கிடைக்காத பொருளைத் துறப்பது சுலபம். என் கணவர் அதைச் செய்து ஊரில் நல்ல பெயர் எடுத்தார்.

உரும்பிராயில் எங்கள் வளவில் ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் செம்மண்ணும் இருந்தன. அவர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். நான் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். கரண்ட் நின்றுபோய், மண்ணெண்ணெய், யூரியா, சவர்க்காரம், பற்றரி என்று எதைக் கேட்டாலும் யுத்தத்தால் அரசாங்கத் தடை என்ற காலம் அது. ஒருநாள் பின்னேரம் வாசிகசாலையில் இயற்கை வாழ்வு பற்றி யாரோ பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனி இந்த வீட்டிலை யூரியா இல்லை. பூச்சிமருந்து இல்லை. சவுக்காரம் இல்லை. நாங்கள் இயற்கையோடை ஒட்டி வாழப்போறம்."

"உதெல்லாம் இப்பவும் இல்லைத்தானே?" என்றேன்.

"இப்ப தடையாலை இல்லை. இனி எங்கடை விருப்பத்தாலை இல்லை. வித்தியாசம் விளங்குதோ?"

வித்தியாசம் எனக்கு மறுநாளே விளங்கியது. யூரியாவுக்குப் பதிலாகப் பூவரசங்குழை வெட்டிப் பாத்தி மண்ணுக்குள் பசளையாகத் தாழ்க்க வேண்டும். வெட்டியவள் நான். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மிசின் செத்துக் கிடந்தது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் கப்பிக் கயிற்றில் வாளியைக் கட்டி இறைத்து ஊற்றியவளும் நான். விடிய இறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். வந்து புத்தகப் பையை வைத்ததும் திரும்ப இறைப்பேன். உள்ளங்கை தோல் உரிந்து, கரும்பலகையில் சோக்கைப் பிடிக்க எரியும். என் மகள் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வாளி மேலே வரும்போதெல்லாம் கை தட்டுவாள். அவளுக்கு அது விளையாட்டு.

உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற வீடுகளில் அதைக் கஷ்டம் என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கொள்கை என்று பெயர். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்துக்கு உடுக்கிற சேலையைப் பனம்பழத்தில் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தேன். பக்கத்து வளவு மாடு பழ வாசத்துக்கு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, முந்தானையைச் சப்பித் தின்றுவிட்டது. நான் மீதிச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "பாத்தீரே, மாட்டுக்கும் எங்கடை கொள்கை பிடிச்சிட்டுது." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாட்டை மன்னித்துவிட்டேன், மனிசனை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சிநேகிதர்கள் எங்கள் தோட்டம் பார்க்க வருவார்கள். அவர் பாத்தி பாத்தியாகக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்லுவார். "நான் ஒரு சொட்டு மருந்து போடேல்லை", "நான் குழை தாட்டனான்", நான், நான், நான். அந்த நானுக்குள் என் கை இரண்டும் இருந்ததை ஒருவரும் காணவில்லை. நான் குசினியில் மல்லிக் கோப்பி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

எனக்கென்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. மகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும்.

சுற்றிவரக் கடல் இருக்கிற குடாநாட்டில் பிறந்து, ஆறு வயதாகியும் அவள் கடலைக் கண்டதில்லை. நான் அவள் வயதில் கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கல்லில் இருந்து அலையைப் பார்த்துக்கொண்டு புட்டும் மாம்பழமும் சாப்பிட்டவள். இப்போது அந்தப் பக்கமெல்லாம் ஆமி. மிஞ்சியிருந்தது பருத்தித்துறைப் பக்கம்தான், அதுவும் வல்லைவெளி தாண்டிச் சைக்கிளில் போக வேண்டும். நேவி கடலிலிருந்து ஷெல் அடிப்பான், குண்டு போடப் பொம்மர் வரும் என்று அவர் பல மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு லீவு நாளைக் குறித்தோம். மகள் தன் சட்டையை முதல்நாளே எடுத்துக் கதிரையில் விரித்து வைத்தாள்.

அந்த நாள் விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். என் லேடீஸ் சைக்கிள் அங்கே நின்றது. பின் சில்லில் டயர் இல்லை. சட்டம் இரண்டு மரக்குற்றிகளுக்கு நடுவில் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பின் றிம்மிலிருந்து ஒரு பெல்ட், பழைய இறைப்பு மிசினின் பம்புக்குப் போனது. அவர் கையெல்லாம் கிறீசோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏறி மிதியும் பாப்பம். எண்ணெய் இல்லை, புகை இல்லை. தண்ணி தானா வரும்."

"என்ரை சைக்கிள்."

"உம்மடைதான் உயரம் தோதாக் கிடந்தது."

"இண்டைக்குக் கடலுக்குப் போறம் எண்டு சொன்னனீங்கள்."

"கடல் எங்கை ஓடப்போகுது? அடுத்த கிழமை போகலாம். இதைக் கேள்விப்பட்டு ரெண்டு பேர் பாக்க வருகினம். நீர் மிதிச்சுக் காட்டினால் நல்லது."

மிதிச்சுக் காட்ட வேண்டுமாம். சைக்கிளும் என்னுடையது, மிதிக்கிற காலும் என்னுடையது, தண்ணீர் மட்டும் தானாக வருமாம்! திரும்பிப் பார்த்தேன். மகள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைத் தானே இழுத்து வாரிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் அடுத்த கிழமை என்று சமாதானம் சொல்லியிருப்பேன்.

உள்ளே போய் அலமாரியைத் திறந்து அவர் கந்தோருக்குப் போடுகிற நீளக் களிசானை எடுத்து மாட்டிக்கொண்டேன். இடுப்பில் நிற்கவில்லை, சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினேன், மாடு தின்று மிஞ்சிய அதே சேலைதான். அவருடைய ஆம்பிளைச் சைக்கிளை வெளியில் எடுத்து, பாரில் துவாயைச் சுற்றி மகளை ஏற்றினேன்.

"உமக்கென்ன விசரே? சனம் என்ன சொல்லும்?"

"நீங்கள் மிதியுங்கோ. தண்ணி தானா வரும்."

சனம் சொல்லத்தான் செய்தது. சந்தியில் நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டு என் களிசானைப் பார்த்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சைக்கிள் ஓடிய காலம்தான், ஆனால் களிசான் போட்டுப் பார் சைக்கிளில் போன ரீச்சரை அவர்கள் கண்டிருக்கவில்லை. எனக்கு இருந்த கோபத்தில் வெட்கத்துக்கு இடமில்லை. வல்லைவெளியில் எதிர்காற்று பிடித்துத் தள்ளியது. இறங்கி உருட்டினேன், ஏறினேன், திரும்ப உருட்டினேன். பாலத்தடியில் தண்ணீரைக் கண்டதும் மகள், "இதுவோ கடல்?" என்றாள். இல்லை, இது சின்னன், இன்னும் போக வேண்டும் என்றேன்.

கடல் வந்தது. கரையில் ஓரிரண்டு வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன, ஆட்கள் இல்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு மகளை இறக்கினேன். ஓடுவாள், கத்துவாள், அலையில் காலை வைப்பாள் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் என் கையை விடவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் உள்ளங்கையை விரித்து, காய்ப்பு ஏறிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, இவ்வளவு தண்ணியையும் ஆர் இறைச்சது?"

நான் மணலில் இருந்துவிட்டேன். கால் ஓய்ந்தது என்று அவளுக்குச் சொன்னேன். அது பொய். என் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் ஒரு பெண் இறைத்தால்தான் வரும். ஒருவரும் இறைக்காமல் உலகத்தில் தண்ணீர் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கடலைப் பார்த்து நான் அழுதேன், முழுக்க ஆத்திரத்தில் அழுதேன். பிறகு இருவரும் முழங்கால்வரை நனைந்தோம், கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டோம்.

பொழுது சாயத் திரும்பி வந்தால் கத்தரி தலை தொங்கி நின்றது. பெல்ட் கழன்றுவிட்டதாம், வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லவே நேரம் போய்விட்டதாம். நான் களிசானோடேயே வாளியை எடுத்து இறைத்தேன். இறைத்தபடியே மகள் கேட்டதை அவருக்குச் சொன்னேன். சொன்னால் உறைக்கும் என்று நினைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் நானே ஸ்பனரை எடுத்து என் சைக்கிளைக் கழற்றி டயரைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு சிநேகிதர்கள் வந்தார்கள். மல்லிக் கோப்பித் தட்டத்தோடு நான் விறாந்தைக்கு வரும்போது அவர் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தண்ணியையும் ஆர் இறைச்சது எண்டு கேக்கிறாள்! இயற்கையோடை வளர்ற பிள்ளையெண்டால் உப்பிடித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டத்தை நிலத்தில் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, கடலை விடுங்கோ. இந்த வீட்டிலை ஆர் தண்ணி இறைக்கிறது? இவையளுக்குச் சொல்லுங்கோ."

அவர் குனிந்து கோப்பியை எடுத்து ஊதத் தொடங்கினார். சிநேகிதர்கள் தோட்டத்தைப் பார்த்தார்கள். மூலையில் கல்லு விளையாடிக்கொண்டிருந்த மகள், கேள்வி தன்னிடம் என்று நினைத்துவிட்டாள்.

"அம்மாதான்," என்றாள். "அப்பாவுக்கு இறைக்கத் தெரியாது."

வாளி கிணற்றடியில் கிடந்தது. அன்று நான் அதைத் தொடவில்லை.