பைக்குள் இருந்த நாற்பத்திரண்டு

"நீ வாசிக்கிறது சரியெண்டு ஆருக்குப் புள்ள தெரியும்? எங்கள்ள ஒருத்தருக்கும் எழுத்துத் தெரியாதே."

வாப்பாவின் தங்கையான மாமி, உர மூட்டையில் இருந்ததை நான் வாசித்துச் சொன்னபோது ஒருமுறை இப்படிக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எனக்கு அது முள்ளாகக் குத்தியது. வாப்பா பெருவிரல் பதிப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்முனைக்குப் பஸ் ஏறிப்போய் உயர்தரம் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததுமில்லை.

போன வருடம், எண்பத்தைந்தில், ஆமி வீடு வீடாகச் சோதனை போடத் தொடங்கியது. ஆமியிடம் பறித்ததென்று சொல்லிப் பிடிப்பார்களென, காக்கி நிறத்தில் ஒரு துணி வைத்திருக்கவும் ஆட்கள் பயந்தார்கள். அந்த நாட்களில் ஒரு பின்னேரம் மாமியும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமா சாக்குக்குள்ளிருந்து ஒரு பழைய கன்வஸ் பையை எடுத்தார். அது அவருடைய வாப்பாவின் பை. வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் திருகோணமலைப் பக்கம் விமானத் திடல் கட்டும் வேலைக்குப் போனவர் அவர். அங்கே காய்ச்சலில் மௌத்தாகி, எங்கோ அடக்கப்பட்டார். கூட வேலை செய்தவர் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்தான் வீட்டுக்குத் திரும்பின.

"இத வாசிச்சுச் சொல்லு மகள். வெள்ளக்காரன்ட எண்டு எங்கயாவது இரிக்கா? இருந்தா ஆமி வந்தா எடுத்துக் காட்டலாம். இல்லாட்டி வச்சிருக்க ஏலா."

"வாசிக்கட்டும், வாசிக்கட்டும்" என்றார் மாமி. "பஸ்ஸில போய்ப் போய்ப் படிச்ச படிப்பு இண்டைக்குத் தெரியும்."

பையின் மூடியைத் திருப்பினேன். உட்புறத்தில் கறுப்பு மையில், காகத்தின் காலடி போல ஓர் அம்புக்குறி. அதன் கீழே மடிப்பில் தேய்ந்துபோன ஒரு வரி. கடைசியில் நாற்பத்திரண்டு என்பது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைப் பெயின்ரால் கையால் எழுதிய மூன்று ஆங்கில எழுத்துகளும் நீளமான ஓர் எண்ணும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கேட்டிட்டு வாறன் மாமா" என்ற மூன்று சொற்கள் போதுமாயிருந்தன. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று சொற்களும் வரவில்லை.

"வெள்ளக்காரன்ட எண்டு ஒண்டும் இல்ல மாமா. இந்த நாப்பத்திரண்டு படைப்பிரிவிட நம்பர். அம்பு அவங்கட அடையாளம். இது இப்ப இருக்கிற ஆமிட சாமான்."

"இல்ல மகள், இது நான் சின்னப் பொடியனா இருக்கக்குள்ளயே வீட்ட வந்தது."

"அப்ப இடையில எங்கயோ மாறியிரிக்கும்."

அந்த வசனத்தை இப்போது எழுதவும் கை கூசுகிறது. மாமா பெருவிரலால் அம்பை ஒருதரம் தடவிப் பார்த்தார். மாமி வாயடைத்துப் போனது எனக்கு இனித்தது.

மறுநாள் மாமா அந்தப் பையை நெல் அவிக்கிற அடுப்பில் வைத்து எரித்தார். மிஞ்சிய பித்தளைக் கொளுவிகளை வாய்க்காலில் எறிந்தார்.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். அறுத்துக் குர்பான் கொடுக்க வாங்கிய கிடாய் முற்றத்தில் கட்டிக் கிடந்தது. அதன் கழுத்தில் காக்கிப் பட்டி ஒன்று. தண்ணீர்ப் போத்தலின் பட்டி அது. போத்தல் நெளிந்துபோன காலத்திலேயே மாமி அதை வெட்டி ஆடு கட்ட வைத்துக்கொண்டாராம். தழை கொடுக்கக் குனிந்தபோது அதே காகக் காலடியைக் கண்டேன். அதன் கீழே, தேயாமல், 1942.

நான் சொன்ன படைப்பிரிவு நம்பர் வெறும் வருடத்தின் பாதி.

கல்முனையில் சரித்திரம் படிப்பித்த டீச்சரிடம் போய்க் கேட்டேன். அம்பு பிரித்தானிய அரசாங்கத்தின் முத்திரை என்றார். நீள எண் அந்தப் பையை முதலில் வைத்திருந்த சிப்பாயுடையதாக இருக்கும், வெள்ளை எழுத்து மூன்றும்தான் படைப்பிரிவு என்றார். "அது கிடைச்சா அவர் எந்த முகாமில வேலை செஞ்சவர் எண்டு தேடலாம். முகாம் தெரிஞ்சா அடக்கின இடத்தையும் விசாரிக்கலாம்."

பெருநாள் முடிந்தும் இரண்டு கிழமை வாய் திறக்கவில்லை. பை இருந்திருந்தால் மாமாவை ஆமி பிடித்திருக்கக்கூடும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் அன்று பொய் சொன்னது மாமாவைக் காப்பாற்ற அல்ல.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மாமா சாப்பிட்டு எழும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமிதான் முதலில் பேசினார். "அப்ப கிடாய்ட கழுத்தில இருந்த எழுத்து உன்ட கண்ணுக்கு இப்பதான் தெரிஞ்சிச்சோ?"

மாமா அவரைப் பார்க்கவில்லை. "அந்த வெள்ள எழுத்து மூண்டும் ஞாபகம் இரிக்கா மகள்?"

"ரெண்டு ஞாபகம். நடு எழுத்து சீயா ஜீயா எண்டு தெரியா மாமா."

"எங்க போய் ஓதிறதெண்டு தெரியாமத்தான் இவ்வளவு காலமும் இஞ்ச இருந்து வாப்பாட பேரில யாசீன் ஓதினன்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

லண்டனில் அந்த யுத்தத்தின் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகத்தின் விலாசத்தை டீச்சர் எடுத்துத் தந்தார். மாமாவின் வாப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதினேன். மூன்று எழுத்துகளைச் சீ போட்டு ஒருமுறையும் ஜீ போட்டு ஒருமுறையும் எழுதி, எது சரியென்று எனக்கு நிச்சயமில்லை, பையை எரிக்கக் காரணம் நான்தான் என்றும் சேர்த்தேன். டீச்சரிடம் காட்டித் திருத்தினேன். போன திங்கட்கிழமை கல்முனைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.