இரண்டு லிட்டர் இஞ்சின்

ஹைதராபாத்தில் ‘பர்சோ’ என்று யாராவது சொன்னால் நாள்காட்டியைப் பார்க்கக் கூடாது. பள்ளியில் படித்த இந்தியில் அதற்கு முந்தாநாள் என்று பொருள். இங்கே அது கடந்துபோன எந்த நாளாகவும் இருக்கலாம். கார் ஷோரூமிலிருந்து இம்ரான் போன் செய்து, “பர்சோ ஆப் ஆயே தே நா மேடம்?” என்றபோது, முந்தாநாள் நான் அங்கே வரவில்லை, வேறு யாரோ என்று சொல்லி வைத்துவிட்டேன். போன மாதம் போனதைத்தான் சொல்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. வெளியூரில் பிழைக்க வந்த உங்களுக்கும் இப்படி ஒரு சொல் இருக்கும்.

எஸ்.யூ.வி. வாங்குவது முடிவாகியிருந்தது. ஒரே வண்டி, டீசல் இஞ்சின் மட்டும் இரண்டு அளவில்: ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர். ஒன்றரை லிட்டர் போதும் என்றார் என் கணவர் ரவி. மௌலா அலியிலிருந்து ஹைடெக் சிட்டிவரை நான் தினமும் நெரிசலில் ஊர்ந்து போவதற்கு அது தாராளம், மைலேஜும் கூட. இம்ரானும் அவர் பக்கம். “இத்தா படா கைக்கு, சார்?” என்று கேட்டார், இவ்வளவு பெரிசு எதற்கு என்று. ஓட்டப்போவது நான். ஆனாலும் அவர் பார்வை ரவியை விட்டு நகரவில்லை.

எனக்கு எங்கள் ஊர் கோத்தகிரியின் மலைப்பாதை தெரியும். என் தம்பி செல்வத்துக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பத்து வருஷம் அதில் ஜீப் ஓட்டியவன். ஒரு மழைக்காலத்தில் ஜீப் உருண்டது. அதன்பின் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். போன வருஷம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போய்த் திரும்புகையில், வாடகைக் கார் ஒரு கொண்டை ஊசி வளைவில் திணறி நின்றது. டிரைவர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். இறங்கினோம். செல்வம் மட்டும் உள்ளே. சக்கரத்துக்குக் கல் வைத்து, சித்தப்பாவும் மாப்பிள்ளை வீட்டாரும் பட்டுவேட்டியோடு தள்ளினார்கள். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து மலையை விட்டு இறங்கவில்லை. ஹைதராபாத்துக்கு வாடா என்று கூப்பிட்டால், “நீ போக்கா, நான் எதுக்கு சுமை” என்பான்.

அதனால் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. “ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டுப் பேசலாம்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை இம்ரான் சின்ன இஞ்சின் வண்டியோடு வீட்டுக்கு வந்தபோது, ஆள் பாரத்துக்காக நான் கூப்பிட்டிருந்த எதிர்வீட்டு சுஜாதாவும் அவள் கணவரும் தயாராக நின்றார்கள். ரவி இரண்டு அரிசி மூட்டைகளைத் தூக்கி வந்து பின்னால் வைத்தார். இம்ரான் பதறிப்போனார்.

“மேடம், அரிசி வியாபாரமா? அப்போ மினி லாரி பாருங்களேன்” என்றார் இந்தியில்.

“வியாபாரம் இல்லை. அது என் தம்பியோட வீல்சேரும் பெட்டியும்” என்றேன். அவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறிக்கொண்டார்.

மௌலா அலிக் குன்றின் பக்கம் செங்குத்தாக ஏறும் தெரு ஒன்று உண்டு. ஏசியைப் போட்டுக்கொண்டு ஏறி, பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். வண்டி உறுமியது, நடுங்கியது, அணைந்தது. “அய்யோ அக்கா, ஆகிப்போயிந்தி!” நின்றுவிட்டது என்று தெலுங்கில் அலறி சுஜாதா என் தோளைப் பிடித்தாள். இரண்டாம் முறையும் அணைந்தது. “ஏசி பந்த் கரோ மேடம், சட் ஜாதீ” என்றார் இம்ரான். ஏசியை நிறுத்தியதும் ஏறியது உண்மைதான். ஆனால் அதற்குள் ரவி கதவுக் கைப்பிடியில் கைவைத்து, இறங்கத் தயாராகிவிட்டிருந்தார். கண்ணாடியில் அதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

மதியம் பெரிய இஞ்சின். அதே தெரு, அதே ஆட்கள், அதே மூட்டை. நிறுத்தி எடுத்தேன். ஏறியது.

“இதையே எழுதிக்கோங்க” என்று இம்ரானிடம் ரவிதான் சொன்னார்.

செல்வத்தைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதமாயிற்று. கடைசியில் வந்தான். ஒரு மாதம் எங்களோடு இருந்தான். என் மகளிடம் தெலுங்கில் திட்டக் கற்றுக்கொண்டான். திரும்பக் கொண்டுவிடும்போது நாங்கள் நான்கு பேர். பின்னால் நாற்காலியும் மூட்டைகளும். வாடகைக் கார் நின்ற அந்த வளைவில் எதிரே பஸ் வந்தது. ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பதெல்லாம் பஸ் டிரைவருக்குத் தெரியாதுபோலும். நிறுத்தவேண்டியதாயிற்று. பக்கத்தில் செல்வம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிளட்ச்சை மெதுவா விடு. இன்னும் கொஞ்சம் ரேஸ் குடு. ம், இப்ப ஹேண்ட்பிரேக்கை எடு.”

எடுத்தேன். ஒரு அங்குலம் கூடப் பின்னால் போகவில்லை. யாரும் இறங்கவில்லை. அடுத்த வளைவுக்குள் அவன் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான், முன்பு ஜீப்பில் வைப்பதுபோல.

மறுநாள் காலை கோத்தகிரி வீட்டில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் வெளியூர் போனபிறகு தெருவுக்குக் குடிவந்தவர். “ஆந்திரா வண்டி உங்களுதா? பால் வேன் போகணும், கொஞ்சம் நகர்த்துங்க.” சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் தமிழில் பேசியதில் அவருக்கு வியப்பு.

“நல்லாத் தமிழ் பேசுறீங்களே. எப்ப ஊருக்குத் திரும்புறீங்க?”

“நாளைக்கு” என்று சொல்லிவிட்டு, நான் பிறந்த தெருவில் வண்டியைப் பின்னால் எடுத்தேன்.