ஏணி பிடிக்கும் சந்திரம்மாள்

ஏணி சுவரில் சாயும் சத்தம் கேட்டால் போதும், சந்திரம்மாள் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். யார் வீட்டு ஏணி, யார் ஏறப் போகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, ஏணியின் அடிக் குச்சியில் வலது காலை வைத்து ஒரு மிதி மிதிப்பாள். ஏணிக்கால் இரண்டும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்ப்பாள். பிறகு இரண்டு கையாலும் இரண்டு மூங்கிலையும் பற்றிக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொல்வாள்: "ஏறுங்க. நான் புடிச்சினு கீறேன்."

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைச் சுற்றிப் புதுப்புது வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வெள்ளையும் பெயிண்டும் அடிக்கிற அப்பாசாமி மேஸ்திரியிடம் சந்திரம்மாள் சித்தாள். சுண்ணாம்பு கரைப்பாள், சுவர் சுரண்டுவாள், ஏணி தூக்குவாள். ஆனால் மேஸ்திரி அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது வேறு காரணத்துக்காக. "சந்திரா கீழ நின்னா, ஏணி மேலயே பாய போட்டுப் படுத்துக்கலாம்" என்பார் அவர். அவருக்கு அது தமாஷ். அவளுக்கு இல்லை.

சிமெண்ட் தரை என்றால் ஏணியின் காலுக்கு அடியில் கோணியை நனைத்து மடித்துப் போடுவாள். மண் தரை என்றால் கடப்பாரையால் இரண்டு சின்னக் குழி. ஏணித் தலை கூரையைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும், அதை ஜன்னல் கம்பியிலோ கைப்பிடிச் சுவரிலோ கட்ட வேண்டும். "ரொம்ப நெட்டுக்க வெச்சா மல்லாத்திடும், ரொம்ப சாச்சா வாரிடும்" என்று சொல்லிக்கொண்டே அடியைக் காலால் நகர்த்தி நகர்த்தி வைப்பாள். அவளுக்குத் திருப்தியாகிற வரைக்கும் யாரும் முதல் குச்சியில் கால் வைக்க முடியாது. வைத்தால் வேட்டியைப் பிடித்து இழுத்துவிடுவாள். மேஸ்திரியின் வேட்டியையே இழுத்தவள்தான்.

பிடித்துக்கொண்டு நிற்கும்போது பேச மாட்டாள். ஈ மூக்கில் உட்கார்ந்தால் ஊதுவாளே தவிர, கையை எடுக்க மாட்டாள். ஒரு தரம் தெரு மாடு ஒன்று வந்து அவள் முந்தானையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அவள் அதை வாயால் அதட்டினாள், வைதாள், பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். மாடு அசையவில்லை, அவளும் அசையவில்லை. மேலே இருந்தவர் இறங்கி வந்து விரட்டுவதற்குள் முந்தானையில் ஒரு முழம் போய்விட்டது.

கேபிள் டிவிக்கு ஒயர் இழுக்கிற வேணு, மாடிக்கு மாடி பூனை போலத் தாவுகிறவன். அவனையும் அவள் விடுவதில்லை. "நான் என்னா கொழந்தையாக்கா?" என்று அவன் சிரித்தான். "கொழந்தைங்க விழுந்தா எழுந்துக்கும்டா. நீ ஏறு" என்றாள். வேணுவுக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

அவள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடி வந்திருக்கும் ராமகிருஷ்ணன் சர்க்கார் ஆபீஸ் கிளார்க், நிதானமான மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியைக் கழுவ, மொட்டை மாடியிலிருந்து ஏணி போட்டுத் தொட்டியின்மேல் ஏறினார். மேல் நுனியைக் கயிற்றால் கட்டியும் வைத்திருந்தார்.

"கயிறு கட்டியாச்சும்மா, நீங்க வீட்டுக்குப் போங்க."

"கயிறு பாட்டுக்கு இருக்கட்டுங்க. நானும் கீறேன்."

அவர் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டுகிற மும்முரத்தில் அவளை மறந்தே போனார். வெளியே தலை நீட்டியபோது வெயில் சுவரை விட்டு நகர்ந்து அவள் முதுகுக்கு வந்திருந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவர் இறங்கிய பிறகு கையை எடுத்தாள். விரல்கள் உடனே விரியவில்லை, மூங்கிலைப் பிடித்த மேனிக்கு வளைந்தே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மற்றக் கையால் நிமிர்த்திவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். ராமகிருஷ்ணனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

இவ்வளவையும் தெரு பொறுத்துக்கொண்டது. தெருவுக்குப் புரியாதது ஒன்றுதான். கார்த்திகை தீபத்தன்று, மலைமேல் தீபம் ஏற்றுகிற ஆறு மணிக்கு முன்னால், கண்ணில் படுகிற ஏணியையெல்லாம் அவள் படுக்கப் போட்டுவிடுவாள். மாடியில் இன்னும் உயரத்தில் நின்று பார்க்கலாம் என்று விருந்தாளிகள் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தால், கெஞ்சியாவது இறக்கிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "ஆகாதுங்க" என்பாள். வேறு ஒரு வார்த்தை வராது.

அந்த 'ஆகாது'க்கு ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. ராமகிருஷ்ணனின் மனைவி அதைத் தன் அக்காளுக்குச் சொன்னாள். தீபத்தன்று ஏணி நிமிர்ந்து நின்றால் வீட்டுக்கு ஆகாது என்று இப்போது அந்தத் தெருவில் பல வீடுகளில் ஏணியைச் சாயங்காலமே கிடத்திவிடுகிறார்கள். ஒருத்தர் கிடத்திய ஏணிக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த சந்திரம்மாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டில் இரும்புக் கட்டிலில் தருமன் படுத்திருக்கிறான். அவள் புருஷன். பைப் வேலை பார்த்தவன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, அதாவது இருந்தும் இல்லை. அவனைப் புரட்டிப் போடுவது, துடைத்து விடுவது, புண் வராமல் பவுடர் போடுவது எல்லாம் அவள்தான். மலை தெரிகிற மாதிரி கட்டிலை வாசலுக்கு நேராகப் போட்டிருக்கிறாள்.

அவன் இப்படி ஆனது தொண்ணூற்று மூன்றாம் வருஷ தீபத்தன்று. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் தொட்டியின் மிதவை உடைந்து தண்ணீரெல்லாம் வழிந்து போய்விட்டது. ரூமெல்லாம் வெளியூர் ஜனம், தண்ணீர் இல்லை என்று ஒரே கூச்சல். தருமனின் கையாள் தீபம் பார்க்கப் போய்விட்டதால், சந்திரம்மாளை அழைத்துப் போனான். அவளுக்கு ஏகக் குஷி. அந்த மாடியிலிருந்து பார்த்தால் மலை கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கும்.

மாடிப்படி முடிகிற அறைக்கு மேலே தொட்டி. தருமன் மூங்கில் ஏணியில் ஏறினான், அவள் கீழே பிடித்துக்கொண்டாள். மாடி நிறைய ஜனம், எல்லார் முகமும் மலையைப் பார்த்து. மிதவையை மாற்றிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்க்கத் திரும்பி அவன் ஏணியில் கால் வைத்தான். மலை உச்சியில் தீபம் எரிந்தது.

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் கும்பிடலாம் என்று யோசித்துக் கும்பிடுவதில்லை. கை தானாகப் போகும். ஊர் முழுக்க ஒரே தொண்டையாக "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று எழும்பியது. மலைப் பக்கம் திரும்பிய சந்திரம்மாளின் இரண்டு கையும் ஏணியை விட்டுத் தலைக்கு மேலே போய்ச் சேர்ந்துகொண்டன. கண்ணில் தண்ணீர். எங்க வூட்டுக்காரருக்கு ஒரு குறையும் வராமப் பார்த்துக்கப்பா என்று வேண்டிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஏணி ஈரத் தரையில் வழுக்கிப் போகிற சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

விழுந்தவனுக்கு முதுகெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தருமன் சொன்னான்: "ஈரத்துல ஏணி வாரிடுச்சி." வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். ஈரத்தரைதானே, எல்லாரும் நம்பினார்கள். "பாவம், நீ என்னா பண்ணுவ" என்று அவள் தலையைத் தடவினார்கள். நான் கையை விட்டுட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அந்த அழுகைக்கும் மற்றவர்கள் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சொல்லாதது அப்புறம் சொல்ல முடியாததாகிவிட்டது. அவன் சுவரைப் பார்த்து நின்றான், அவளைப் பார்த்திருக்க முடியாது, அவனுக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தெரிந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பான். அவளுக்கு அந்த நாலு வார்த்தை வேண்டும். பக்கத்து வீடுகளில் புருஷன்கள் கத்துவது கேட்டால், அந்தப் பெண்கள்மேல் பொறாமையாக இருக்கும். தருமனோ கஞ்சி ஆறிப்போனால்கூட "பரவால்ல, குடு" என்கிறவன். அவன் நல்லவனாக இருக்க இருக்க அவளுக்குத் தொண்டையில் இறங்குகிற சோறு கம்மியாகிக்கொண்டே வந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் கிரிவலம் போகிற ஊரில், அவள் மலையைச் சுற்றுவதில்லை, கோயிலுக்குள் நுழைவதில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்டதற்குக் கிடைத்ததை ஒரு தரம் பார்த்துவிட்டாள்.

போன கார்த்திகையிலும் ராமகிருஷ்ணன் வீட்டு ஏணியைக் கிடத்திவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தாள். அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, ஏற்றாமல் வாசலில் வைத்தாள். லைட்டை அணைத்தாள். வருஷா வருஷம் செய்கிற மாதிரி கட்டிலின் தலைமாட்டில் போய், இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தருமனுக்கு வாசல் வழியாக மலை தெரிந்தது. அவளுக்கு அவன் உச்சந்தலைதான் தெரிந்தது. வேறெதையும் அவள் பார்ப்பதில்லை.

தெரு சட்டென்று அமைதியானது. அப்புறம் மாடிக்கு மாடி அரோகரா எழுந்தது. தருமன் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கி, தலைக்கு மேலே குவித்தான். குவித்த கை அவள் விரல்களுக்கு வெகு அருகில் வந்து நின்றது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் கேட்கிற குரலில்தான் சொன்னான்.

"நீயும் கும்புட்டுக்க, சந்திரா. நான்தான் மேல ஏறலையே."

ஆக, அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றைக்கே தெரியும். ஈரத்துல வாரிடுச்சி என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னபோதும், பரவால்ல குடு என்று ஆறின கஞ்சியை வாங்கியபோதும் தெரியும். இத்தனை வருஷமாக அவள் ஒருத்தியாகச் சுமந்ததாக நினைத்ததை அவனும் படுத்த இடத்திலேயே சுமந்துகொண்டு கிடந்திருக்கிறான்.

"கும்புடு" என்றான் மறுபடியும்.

வெளியே ஒவ்வொரு வாசலாக அகல்கள் எரியத் தொடங்கின. அவள் வீட்டு அகல்கள் மட்டும் அப்படியே இருந்தன. விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இழுத்த இழுப்பில் கட்டில் கடகடவென்று ஆடியது. சந்திரம்மாள் வலது காலைத் தூக்கிக் கட்டிலின் அடிக்குழாயில் வைத்து, ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.