காவடித் தண்ணீர் நனைத்த சக்கரம்

1928 ஏப்ரல் 3, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூர் போகும் பாதையில், ஐந்தாவது மைல் கல் தாண்டி நூற்றிருபது அடியில், எங்கள் கூண்டு வண்டியின் இடது சக்கரத்து இரும்புப் பட்டை கழன்று உருண்டு பள்ளத்தில் விழுந்தது. வண்டிக்குள் என் மனைவி பாப்பாத்தி கிடந்தாள். இரண்டு நாளாக அவளுக்குச் சிறுநீர் இறங்கவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் எட்டு மைல்.

குற்றம் என்னுடையது. பழைய பட்டை தேய்ந்துவிட்டதால் மாசியில் மாற்றினேன். ஆசாரி இரண்டு பட்டைகளைக் காட்டினார். ஒன்று மெல்லியது. மற்றது அரை அங்குலக் கனம். கனமானதுதான் நெடுநாள் வரும் என்று கணக்குப் போட்டு அதையே எடுத்தேன். சக்கரம் அப்போது மூன்று நாளாகக் குளத்தில் ஊறிக் கிடந்தது. பட்டை ஆடாதிருக்க எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெளியே எடுத்த கையோடு நூல் பிடித்துச் சுற்றளவை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் பதினான்கு அடி இரண்டு அங்குலம்.

“ஈரத்துல அளக்காதீங்க வாத்தியாரே, மரம் ஊதியிருக்குது. பத்து நாள் காயட்டுமுங்க,” என்றார் ஆசாரி.

“நாப்பது வருசம் கணக்குச் சொல்லிக் குடுத்தவனுங்க நான். அளவு அளவுதான்.”

அன்றைக்குப் பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. பங்குனி வெயிலில் மரம் சுருங்கியது. இரும்பு சுருங்கவில்லை.

வண்டி ஓட்டி வந்த மச்சினன் சின்னான் பட்டையைத் திரும்ப மாட்டி ஒன்பது ஆப்பு அடித்தான். இருபது அடி போவதற்குள் ஏழு உதிர்ந்தன.

“மரம் நனைஞ்சாத்தான் நிக்கும் மாமா,” என்றான்.

செம்பு காலி. இரண்டு கிணறுகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டிலும் சேறு. வேறு வண்டி எதுவும் வரவில்லை.

“ஏனுங்க, இன்னும் எத்தனை மைலுங்க?” என்று உள்ளிருந்து பாப்பாத்தி கேட்டாள்.

“எட்டு.”

“அப்பவும் எட்டுத்தான் சொன்னீங்க. ஒண்ணு கொறைச்சுச் சொன்னா வாயி நோவுமா?”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கூப்பிட்டேன். முனகல் மட்டும் வந்தது. இனி ஒன்றும் இல்லை என்று சக்கரத்தடியில் புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். நேர்ந்துகொள்ளக்கூட எதுவும் தோன்றவில்லை. “முருகா, என் கணக்கு தப்பு,” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

பதினொன்றரை மணிக்குச் சேகண்டிச் சத்தம் கேட்டது. பதினோரு பேர், தீர்த்தக் காவடியோடு வந்தார்கள். சித்தூர் ஆற்றுத் தண்ணீர். மறுநாள் உத்திரத்துக்கு மருதமலையில் அபிஷேகம் செய்யச் சுமந்து போகிறவர்கள். சின்னான்தான் நிலைமையைச் சொல்லித் தண்ணீர் கேட்டான். முன்னால் வந்தவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“கோணிச் சாக்கு இருக்குதுங்களா? சக்கரத்துல சுத்துங்க.”

“சாமிக்குப் போற தண்ணியாச்சுங்களே,” என்றேன்.

“உள்ள கெடக்கறது ஆரோட புள்ளைங்க? அவன் புள்ளதானுங்க.”

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். “சாமி கேட்டா, வாத்தியாரு சக்கரம் குடிச்சுப்போடுச்சுன்னு சொல்லிக்கலாமுங்க!”

இருபத்திரண்டு கலசத்தையும் ஊற்றினார்கள். பிறகு வெறுங் காவடியோடு, வந்த வழியே ஆற்றுக்குத் திரும்பி நடந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் அழுதேன்.

ஒரு மணி நேரத்தில் மரம் ஊறிப் பட்டையைப் பிடித்துக்கொண்டது. நடை வேகத்தில் போய் நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். குழாய் வைத்துச் சிறுநீரை இறக்கினார்கள். மறுநாள் காலை அவள் கண் திறந்தாள். சின்னான் நடந்ததைச் சொன்னதும், “எத்தனை கலசமுங்க?” என்று என்னைக் கேட்டாள். சொன்னேன்.

“இதையாச்சும் சரியா எண்ணுனீங்களே.”

அன்பர்களே, அன்றுமுதல் ஆண்டுதோறும் நானும் காவடி எடுக்கிறேன். வழியில் நிற்கும் எந்த வண்டியையும் கேட்காமல் தாண்டுவதில்லை. உங்கள் கணக்கும் ஒரு நாள் நடுவழியில் கழன்று விழலாம். அப்போது அவன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எனக்கு வந்தவன் உங்களுக்கும் வருவான்.

பிறகு ஆசாரி சக்கரத்தைப் பத்து நாள் காயப்போட்டு, தானே அளந்து, பட்டையை வெட்டிப் பொருத்தினார். நான் நூலைத் தொடவில்லை. பட்டை ஒன்பது ரூபாய், மறுபடி பொருத்தியது ஒன்றேகால். தண்ணீருக்கு அவர்கள் எதுவும் வாங்கவில்லை. ஆகமொத்தம் பத்தேகால் ரூபாய்.