எட்டுக் காணும் என்று சொன்னதற்கு

வெப்பப் பம்புத் தொழிலுக்கு வருகிற எவருக்கும் முதல் கிழமையிலேயே ஒன்று விளங்கிவிடும்: ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், அவர் நிச்சயமாக நாம் இல்லை.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் போன கோடை முடிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றிவிட்டு வெப்பப் பம்பு பூட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டி இருக்கும். அது குளிர்காற்றை இழுத்து, அதில் மிச்சமிருக்கும் வெப்பத்தைப் பறித்து வீட்டு ரேடியேட்டர்களுக்குக் கொடுக்கும். பெட்டி சிறிதானால் வீடு குளிரும். பெரிதானால் ஓடி நின்று, நின்று ஓடி, சீக்கிரம் தேய்ந்து போகும். எந்த வீட்டுக்கு எந்த அளவு என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்ததைச் சொல்லப்போய் ஏச்சு வாங்கிய எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். நீங்கள் தனி ஆள் இல்லை.

அளக்க வந்த பிள்ளை

என் முதல் தமிழ் வாடிக்கையாளர் ராசன் அண்ணை. பாண் பேக்கரி ஒன்றில் இரவு வேலை, பகலில் தூக்கம். மனைவி மலர் அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவர்களுடைய எண்ணெய்க் கொதிகலன் சாகக் கிடந்தது. குளிர் வருமுன் புதியது பூட்டியாக வேண்டும்.

அறை அறையாக அளந்தேன். சுவர் எத்தனை தடிப்பு, யன்னல் எந்த ஆண்டுக் கண்ணாடி, கூரைக்குக் கீழே வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தேன். சாமி அறைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய் அளந்தேன். நிலவறையில் மீன் பொரிக்கவென்று வைத்திருந்த இரண்டாவது குசினியையும் விடவில்லை. முழங்காலெல்லாம் தூசி. அண்ணை தூக்கம் கலைந்த கண்ணோடு பின்னாலேயே வந்தார். கடைசியில் தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு மிக அன்பாகக் கேட்டார்: “எல்லாம் வடிவா அளந்திட்டீர் பிள்ளை, நல்லது. எஞ்சினியர் எப்ப வாறார்?”

சாத்திரியார் வீடியோவில்

பெட்டியை எங்கே வைப்பது என்று அடுத்த சண்டை. நான் காட்டிய முதல் இடம் வடகிழக்கு மூலை. “ஈசான மூலையில பாரம் வைக்க ஏலாது,” என்றார் மலர் அக்கா. தென்கிழக்கில் வைத்தால் அண்ணை பகலில் தூங்கும் அறையின் யன்னலுக்கு நேர் கீழே வரும். அந்த இரைச்சலில் மனிதர் எப்படித் தூங்குவார் என்று நான் கேட்டேன். அக்கா உடனே லண்டனில் இருக்கும் ஒரு சாத்திரியாருக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்.

“சூடு தாறது எண்டா அக்கினி. தென்கிழக்குத்தான்,” என்றார் சாத்திரியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் தோளுக்கு மேலால் கைபேசிக்குள் தலையை நீட்டி, “ஐயா, இதுக்குள்ள நெருப்பே இல்லை. ஒரு விசிறி சுத்தும், காத்து வந்து போகும், அவ்வளவுதான்,” என்றேன். அவர் சற்று யோசித்தார். “அப்ப வாயு. வடமேற்கு.” வடமேற்கில் குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நல்ல வெறும் இடம் இருந்தது. யன்னலும் இல்லை, அயல்வீடும் தள்ளி இருந்தது. எனது இரண்டாவது தெரிவு அதுதான் என்று வாய் திறக்குமுன் அக்கா கைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்: “பாத்தீரே, நீர் இவ்வளவு காலம் படிச்சதை அவர் இருந்த இடத்தில இருந்து சொல்லிப்போட்டார்!”

கணக்கைத் திருத்து

கணக்கின்படி அந்த வீட்டுக்கு எட்டுக் கிலோவாட் காணும், அதற்கு மேல் தேவையில்லை. யன்னல் புதியது, கூரை பஞ்சு போட்டது. இரண்டு ரேடியேட்டர்களை மட்டும் பெரிதாக மாற்ற வேண்டும். மூன்று தரம் சரிபார்த்துவிட்டு முதலாளியிடம் கொண்டு போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு பதினாலு கிலோவாட் பம்பு எங்கள் கிடங்கில் கிடந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. “யன்னல்களைப் பழையது என்று போடு. அறைகளுக்கு இன்னும் கொஞ்சம் சூடு கூட்டு. பதினாலு வந்துவிடும்,” என்றார்.

“யன்னலை நான் கண்ணால் பார்த்தேன்,” என்றேன். வாடிக்கையாளரே பெரியதைத்தான் கேட்கிறார் என்றார் அவர். அதுவும் உண்மை. ராசன் அண்ணையின் மச்சான் குகன் தன் வீட்டில் பதினாலு பூட்டியிருந்தார், அதையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டும் இருந்தார். இங்கிருக்கும் தமிழரில் பாதிப்பேர் அதைக் கேட்டு அதே பதினாலைத்தான் பூட்டினார்கள். எவருடைய வீட்டையும் எவரும் அளக்கவில்லை. அப்படியானால் அண்ணை தானே கேட்டு வாங்கட்டும், பொய்க் கணக்குக்குக் கீழே என் பெயர் வராது என்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நன்றாகக் கணக்குப் பார்க்கிறாய். உன் சோதனைக்காலம் ஜனவரியில்தான் முடிகிறது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்.”

குகன் அண்ணை வீட்டுப் பெட்டி

அன்றிரவு கணக்கை நாலாம் தரமும் பார்த்தேன். வேலை போனால் அம்மாவுக்கு என்ன சொல்வது? அடுத்த நாளே ராசன் அண்ணைக்கு அழைத்து, “மச்சான் வீட்டுப் பம்பை ஒருக்காப் பாப்பம், வாங்கோ,” என்றேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ஒக்டோபர் மாதத்து இளங்குளிர். குகன் அண்ணை தேத்தண்ணியும் முறுக்கும் வைத்துவிட்டு, தன் பம்பின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். யன்னலுக்கு வெளியே பெட்டி உறுமத் தொடங்கியது. முதல் முறுக்கு முடியுமுன் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி உறுமியது, மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் குகன் அண்ணை குரலை உயர்த்திக்கொண்டார். அந்த அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. எவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த மனிதரின் வாயை நம்பி எத்தனை வீடுகள்! “அண்ணை, இது ஏன் இப்பிடி நிண்டு நிண்டு ஓடுது?” என்று நேராகவே கேட்டேன். அவர் முறுக்கை எடுத்துக் கடித்தார். பதில் அவருடைய மனைவியிடமிருந்து வந்தது: “அது அப்பிடித்தான் தங்கச்சி. மூச்சு விடுறது.”

திரும்பி வரும் வழியில்

காரை ராசன் அண்ணை ஓட்டினார். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் கேட்டார், “அது பகலும் அப்பிடித்தான் கத்துமே?” ஓம் என்றேன். அந்த அளவு பெட்டி அவர் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அப்படித்தான் ஓடும் என்றேன். “அப்ப மச்சானுக்குத் தெரியாதே?”

“தெரியும் அண்ணை. இவ்வளவு பேருக்கு நல்லதெண்டு சொன்னாப் பிறகு எப்பிடி இல்லையெண்டுறது?”

விளக்குப் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான். அண்ணை காரை எடுத்தபடியே சொன்னார்: “சின்னனையே போடும் பிள்ளை. ஆனா வீடு குளிர்ந்துதெண்டா நான் உம்மைத்தான் கேப்பன், மச்சானை இல்லை.”

மைனஸ் பன்னிரண்டு

அண்ணையே கேட்டுக்கொண்டதால் முதலாளியால் மறுக்க முடியவில்லை, நவம்பரில் எட்டுக் கிலோவாட் பூட்டினோம். ஜனவரியில் உண்மையான குளிர் வந்தது. மைனஸ் பன்னிரண்டு. என் சோதனைக்காலத்தின் கடைசிக் கிழமைகள். காலையில் ராசன் அண்ணையின் அழைப்பு. “வீடு ஐஸ் மாதிரிக் கிடக்கு. மச்சான் வீட்டில பெனியனோட நிக்கினம்!” முதலாளி பக்கத்து மேசையில் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

போய்ப் பார்த்தேன். வரவேற்பறை ரேடியேட்டர் மட்டும் திறந்திருந்தது, மற்ற அறைகளில் எல்லாம் இறுக்கி மூடி வைத்திருந்தார்கள். இரவு படுக்கப்போகும்போது பம்பையே நிறுத்திவிட்டு, காலையில் போட்டிருக்கிறார்கள். எண்ணெய்க் காலத்துச் சிக்கனம். வெப்பப் பம்பு மெதுவாகத்தான் சூடாக்கும், எல்லா அறையும் திறந்து இரவு பகலாக ஓடினால்தான் வீடு சூடாக நிற்கும். நிலவறைக் குசினி யன்னல் மீன் மணம் போகவென்று விரியத் திறந்து கிடந்தது. இதையெல்லாம் செய்யக்கூடாது என்று பூட்டிய அன்றே நின்று சொல்லியிருந்தேன். “சொன்னீர்தான், பிள்ளையள் சொல்லுறதை எல்லாம் கேக்க ஏலுமே?” என்றார் அண்ணை. நான் அழாமல் இருந்தது பெரிய காரியம். எல்லா ரேடியேட்டரையும் திறந்தேன். “அண்ணை, ரெண்டு நாளைக்கு ஒண்டிலயும் கை வையாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்,” என்றேன்.

வெளியே பெட்டியைப் பார்க்கப் போனேன். அதன் வாய்க்கு நேரே மலர் அக்காவின் கறிவேப்பிலைச் சாடி, கருகி விறைத்து நின்றது. கொழும்பில் ஏசிப் பெட்டிகள் வெளியே சூட்டுக் காற்று ஊதுவதைப் பார்த்தவர் அவர். குளிர்காலத்தில் கறிவேப்பிலைக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று வீட்டுக்குள் இருந்ததைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறார். இந்தப் பெட்டி ஊதுவது வெப்பம் பறிக்கப்பட்ட காற்று, வெளியில் இருப்பதைவிடக் குளிரானது. இரண்டாம் நாள் இரவு சாப்பிடும் நேரத்தில் அக்கா வீடியோவில் அழைத்தார். எடுக்கப் பயமாக இருந்தது. பின்னால் அண்ணை பெனியனோடு நிற்பது தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அக்கா சிரிக்கவில்லை: “எல்லா அறையும் சூடு வந்திட்டுது, சரி. என்ர கறிவேப்பிலைக்கு ஆர் பதில் சொல்லுறது?”

இப்போதைய நிலவரம்

வேலை நிரந்தரமானது. முதலாளி கைகொடுத்தார், என் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தமிழ் ஆட்களிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கியிருப்பதை மட்டும் சொன்னார்.

ஏன் வருகின்றன என்று போன சனிக்கிழமை தெரிந்தது. ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில் ராசன் அண்ணையைச் சுற்றி ஒரு கூட்டம். பெரிய பம்பு போட்டவன் மடையன் என்றும், சின்னன் காணும் என்று தான் தொடக்கத்திலேயே கண்டுபிடித்ததாகவும் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். குகன் அண்ணையும் தலையாட்டிக்கொண்டு நின்றார்! நான் கேக் தட்டோடு பக்கத்தில் நிற்பதை அண்ணை கண்டார், கண்டும் நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடையது நூறு வருடத்துக் கல்வீடு. மூன்று மாடி, ஒற்றைக் கண்ணாடி யன்னல்கள், கூரையில் பஞ்சின் வாசனையே கிடையாது. எட்டு வைத்தால் அந்த வீட்டின் ஒரு மாடிகூடச் சூடாகாது. எந்தக் கிழமை அளக்க வரலாம் என்று கேட்டேன். கையை அசைத்து மறுத்துவிட்டார்.

“அளக்கிற வேலை எல்லாம் வேண்டாம் பிள்ளை. ராசன் போட்ட அதே எட்டைக் கொண்டு வந்து பூட்டிவிடும்.”

ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கணக்குப் பார்க்கப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தந்தார்கள், அந்த வீட்டுக்காரருக்கு எத்தனை மச்சான்மார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை மட்டும் பாடத்திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.