சோதனை என்று நினைத்த சிவப்பு விளக்கு

எண்பதுகளின் தொடக்கம். பீடோங் ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சாரப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். ஆலைக்குத் தண்ணீர் ஒரு மைல் தள்ளி, ஆற்றோரப் பம்ப் ஹவுஸிலிருந்து வரும். அங்கே ஓர் அண்ணன் தனியாக வேலை பார்த்தார். டெலிபோன் கிடையாது. ஏதாவது கோளாறு என்றால் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போடுவார். எங்கள் இன்ஜின் ரூமில் சிவப்பு விளக்கு எரியும், வெளிச்சுவரில் மணி அடிக்கும். யாராவது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவோம்.

அந்த மழைக்காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சும்மா அடித்தது. அடித்துப்பிடித்துக்கொண்டு போய் நின்றால், அண்ணன் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். "நான் ஒண்ணும் தொடல லா தம்பி. அந்த மணிக்குத்தான் என் மேல பாசம்" என்பார். இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, இன்றைக்குள் சரி செய்யாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

பம்ப் ஹவுஸுக்குப் போய் அண்ணனிடம் சொல்லிவைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவிட்சைப் போட்டு, கொஞ்ச நேரத்தில் அணைக்க வேண்டும். நான் வந்து போதும் என்று சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. இன்ஜின் ரூமைப் பார்த்துக்கொள்ளும் டிரைவரிடமும், விளக்கு எரிந்தால் அது சோதனை, கண்டுகொள்ளாதீர்கள் என்றேன்.

மணிக்கு எதிரேதான் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் வாசலுக்கு வந்து, "அண்ணே, இப்பத்தான் பிள்ள கண்ண மூடுச்சு. இந்த மணிய கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்" என்றாள். பாவமாக இருந்தது. கை துடைக்கும் துணியை மணிக்குள் திணித்தேன். சோதனைக்கு விளக்கு போதும்தானே.

பம்ப் ஹவுஸ் வயர் போகும் வழியில் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போனதில், மதியத்துக்கு மேல் கோளாறு பிடிபட்டது. ஓர் இணைப்பில் டேப் பிரிந்து மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. வெட்டியெறிந்து புதிதாக முறுக்கிக் கட்டினேன். இன்ஜின் ரூமுக்கு வந்து பார்த்தால், சொன்ன நேரத்துக்கு விளக்கு எரிந்தது, அணைந்தது. சரி செய்யப்பட்டது என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனிடம் போதும் என்று சொல்லப் போகவில்லை. துணியையும் எடுக்கவில்லை. கேன்டீனுக்குக் கிளம்பும்போது விளக்கு மறுபடி எரிந்தது. மனுஷர் சொன்ன சொல் தவற மாட்டார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அரை மணி கழித்துத் திரும்பினால் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டார் என்று டிரைவரும் நானும் சிரித்தோம். கிண்டல் செய்யலாம் என்றுதான் மோட்டாரை எடுத்தேன். "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தேன்.

பம்பின் பெல்ட் அவர் கையை இழுத்திருந்தது. எப்படியோ பிடுங்கிக்கொண்டு சுவிட்ச் வரைக்கும் தவழ்ந்திருக்கிறார். அவர் வந்த வழி தரையில் தெரிந்தது. சுவிட்சுக்குக் கீழே கிடந்தார், உயிர் இருந்தது. லாரியில் ஏற்றினோம். சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் என் மடியிலேயே போய்விட்டார்.

அன்று சாயங்காலம், யாரும் பார்க்காதபோது துணியை எடுத்துவிட்டேன். விசாரிக்க வந்தவர்கள் புத்தகத்தில் என் கையெழுத்தைப் பார்த்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது அண்ணனின் மனைவிதான். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து எல்லாரும் கலைந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அவரு மணி அடிச்சுக் கூப்பிட்டாராப்பா?"

"இல்லக்கா" என்றேன்.

"அப்படின்னா ரொம்ப நேரம் கஷ்டப்படல" என்று சொல்லி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பிள்ளைகளை வளர்த்தார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார். நான் அதைத் தொடாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை அவர் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். சொன்னால் என் பாரம் இறங்கும், ஆனால் அது அவர் தலையில் ஏறும் என்று திரும்பிவிடுவேன். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் அக்காவும் போய்விட்டார். அண்ணன் கூப்பிட்டார், நான் பார்த்தேன், பார்த்தும் போகவில்லை என்பதை இன்று துணிந்து எழுதுகிறேன், ஆனால் என்னை மன்னிக்கவோ சபிக்கவோ முதல் உரிமையுள்ள அவர்கள் இருவரும் இன்று இல்லை.