பதினோரு நாய்களும் வெள்ளையம்மாவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலியாட்களின் லயத்து நாய்களையெல்லாம் சுட்டுவிட வேண்டும் என்று துரையின் உத்தரவு வந்தபோது, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற நூற்றுச்சொச்சம் பேரில் ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள்.

"எதுக்குங்க?"

கேட்டவள் வெள்ளையம்மா. மலாய் நாட்டுச் சாஆ ஊரிலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது. புருஷனோடு கப்பலேறி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வந்த மூன்றாம் மழைக்கே புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இன்னொருவனைக் கட்டிக்கொள் என்று கங்காணி கைகாட்டிய இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லயத்தின் கடைசி அறையில் தனியாகக் குடியிருந்தாள். பகலெல்லாம் புல்லுவெட்டு வேலை. வீட்டுக்குத் துணை சிப்பாய். செவலை நிறத்தில், நான்கு காலிலும் வெள்ளைப் பட்டி கட்டினதுபோல மயிர் இருந்ததால் நாய்க்கு அந்தப் பெயர்.

வீரமுத்துக் கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பங்களா நாய்க்குச் சொறி புடிச்சிருக்கு. லயத்து நாய்ங்ககிட்டேருந்துதான் ஒட்டியிருக்குன்னு ஆஸ்பத்திரி டிரெசர் ஐயா சொல்லிட்டாரு."

"பங்களா நாயி கேட்ட விட்டு எறங்கி நான் பாத்ததில்ல. எங்க நாயி அந்தப் பக்கம் போனா தோட்டக்காரன் கல்லெடுத்து அடிக்கிறான். அப்புறம் எப்படிங்க ஒட்டுச்சு? காத்துலயா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கங்காணியின் முகம் சுருங்கியது. "ரொம்பப் பேசாத. உன் நாயத்தான் மொதல்ல சுடணும். அதுக்குத்தான் அதிகமாப் புடிச்சிருக்கு."

அது பொய்யில்லை. சிப்பாய் எந்நேரமும் முன்னங்கால் விரல் இடுக்குகளை நக்கியும் கடித்தும் சிவக்க வைத்திருந்தது. அடிவயிறு தீப்பட்டதுபோல இருந்தது. காதுக்குள்ளிருந்து புளித்த வாடை வந்தது. தலையை உதறி உதறி ஒரு காது மடல் வீங்கிக் கிடந்தது. வெள்ளையம்மாவும் சும்மா இருந்துவிடவில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் மடியில் கிடத்தி உண்ணி பொறுக்குவாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். ஒரு தடவை யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெயில் கெந்தகத்தைக் குழைத்துத் தடவினாள். தோல் உரிந்து நாய் ஊளையிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அன்றைக்கே அந்த டப்பாவைத் தூக்கிச் சாக்கடைக் கானில் எறிந்தாள்.

உத்தரவு வந்தது வெள்ளிக்கிழமை. அன்று மாலை வாசற்படியில் சிப்பாயைப் போட்டுக்கொண்டு யோசித்தாள். இது கடைசியாக எப்போது நன்றாக இருந்தது?

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால். அந்த நினைப்பு வந்ததும் அவள் கை நின்றது. தீ மிதிக்க ஒவ்வொரு வருஷமும் அவள் ஒரு மாதம் விரதம் இருப்பாள். மீனில்லை, கறியில்லை. அவள் தின்பதைத்தான் நாயும் தின்னும். சோறு, பருப்பு, பூசணிக்காய். அந்த ஒரு மாதத்தில் நாயின் தோல் ஆறி மயிர் முளைத்துவிடும். ஆத்தா கொடுத்த சுகம் என்று அதற்கும் சேர்த்துப் பூ வைப்பாள். திருவிழா முடிந்த மறுநாள் அடுப்பில் கருவாடு வேகும். நாலைந்து நாளில் சிப்பாய் காலைக் கடிக்க ஆரம்பித்துவிடும். போன வருஷமும் அப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும்.

பக்கத்து அறைக் காளியம்மாவைக் கூப்பிட்டாள். "ஏண்டி, ஆத்தா மூணு வருசமாக் காட்டிக்கிட்டே இருந்திருக்கா. நாந்தான் குருடி மாதிரி இருந்துட்டேன். இதுக்குச் சொறியில்ல. கருவாடு ஆகல."

"இப்ப தெரிஞ்சி என்ன பண்ணப் போற? நாளைக் கழிச்சி சுட்டுருவானுங்க."

"பங்களாவுக்குப் போறேன்."

"தோட்டத்துல பேரு வெட்டிட்டா எங்கடி போவ?"

வெள்ளையம்மா பெட்டியிலிருந்து நீளக் கை ரவிக்கையை எடுத்து உதறினாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் முகம் கழுவி, நீளக் கை ரவிக்கையை மாட்டிக்கொண்டு, சிப்பாயின் கழுத்தில் கயிறு கட்டிப் புறப்பட்டாள். கூலியாட்கள் பங்களாவுக்குப் போனால் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். அவள் முன்பக்கச் செம்மண் பாதையில் ஏறினாள்.

துரை வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். துரைசானி தன் வெள்ளை நாயை மடியில் வைத்திருந்தாள். டிரெசர் அம்பிகைபாகன் அதற்குக் களிம்பு போட வந்து நின்றுகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை.

"நீ ஏன் இந்த வழி வந்தது?" என்றார் துரை. தோட்டத்தில் கற்ற தமிழ்.

"எங்க நாய்ங்க உசுரு போற காரியம்ங்க. அதான் நேரா வந்தேன்."

"நாய் சொறி. நாளைக்குச் சுடு. முடிஞ்சது."

அவள் ரவிக்கைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டி இரண்டு கைகளையும் நீட்டினாள். "இது மூணு வருசமா என் பாயிலதான் படுக்குது. ஒட்டுற சொறின்னா என் மேல இருக்கணுமே. பாருங்க."

அம்பிகைபாகன் சிரித்தார். "நாயின்ர சொறி மனிசருக்கு வராது. உனக்கென்ன விளங்கும்?"

"வரும் ஐயா. அய்யாவு நாய்க்கு வந்துச்சே, அவன் புள்ளைங்க மூணும் சொறிஞ்சி சொறிஞ்சி உங்ககிட்டதான மருந்து வாங்குச்சு? அதுதான் ஒட்டுற சொறி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லா அரிப்பும் அது இல்ல."

டிரெசரின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பிள்ளைகளுக்குக் களிம்பு கொடுத்தது அவர்தான்.

துரைசானி ஏதோ கேட்க, துரை இங்கிலீஷில் சொன்னார். அவள் வெள்ளையம்மாவைப் பார்த்து, மடியிலிருந்த நாயைக் கீழே விட்டாள். பார் என்பதுபோல.

வெள்ளையம்மா மண்டி போட்டாள். நாயின் காலைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. காதை முகர்ந்தாள். வாடையில்லை. வயிறும் வெளுப்பாகவே இருந்தது. முதுகுக் கடைசியில் வால் கிளம்பும் இடத்தில்தான் மயிர் கொட்டிப் புண்ணாகியிருந்தது. அந்த இடத்தில் மயிரை விலக்கினாள். மிளகைப் பொடி பண்ணித் தூவினது மாதிரி கறுப்பாகத் தெரிந்தது. துரைசானியின் கைக்குட்டையைக் கைநீட்டிக் கேட்டு வாங்கி, மேசைமேலிருந்த தண்ணீரில் நனைத்து, அந்தப் பொடியைச் சீவி அதில் போட்டுத் தேய்த்தாள். வெள்ளைத் துணியில் சிவப்பாகப் படர்ந்தது.

"ரத்தம்ங்க. தெள்ளுப்பூச்சி குடிச்சிட்டுப் பேண்டது. இது சொறியில்ல. என் நாய்கிட்ட இத ஒரு பொட்டு காட்டுங்க பாப்போம். அதுக்கு அரிக்கிற எடமே வேற. காலு, காது, வயிறு. அது தீனியால வந்தது."

"தெள்ளு எங்கிருந்து வந்தது?" என்றார் துரை.

"உங்க மெத்தையிலதாங்க இருக்கும். கம்பளத்துலயும் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டா போவாது. எல்லாத்தையும் வெயில்ல போட்டுத் தட்டணும்."

இதைத் துரை மொழிபெயர்க்கவில்லை. துரைசானி கைக்குட்டையைப் பார்த்தபடி இரண்டாம் தடவை கேட்டாள். அப்புறம்தான் சொன்னார். அவள் முகம் சிவந்தது. ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போனாள். சமையல்காரனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

துரை சுருட்டை அணைத்தார். "ஒரு மாசம். உன் நாய் மட்டும்."

"அப்ப வேண்டாங்க."

"என்ன?"

"லயத்துல பதினோரு நாயி இருக்கு. பதினொண்ணுக்கும் தவணை குடுங்க. நான் பாத்துக்கிறேன். இல்லன்னா நாளைக்கு மொதல்ல என் நாயச் சுடுங்க. நான் அதப் புடிச்சிக்கிட்டுத்தான் நிப்பேன்."

துரை அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாசம்," என்றார். "எல்லா நாயும். அப்புறம் ஒரு சொறி பார்த்தா, நீ தோட்டத்துல இல்லை."

தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். பாதையின் வளைவு தாண்டி, பங்களா மறைந்த பிறகுதான் அவள் நின்றாள். ஒரு ரப்பர் பால் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சிப்பாய் அவள் முகத்தை நக்கியது.

அந்த ஒரு மாதம் லயமே அவளைத் திட்டியது. ஒவ்வொரு வாசலாகப் போய் நாய் படுக்கும் சாக்கைப் பிடுங்கி வெந்நீரில் போட்டாள். நாய் படுத்த இடத்து மண்ணைச் சுரண்டி எடுத்துச் சாம்பல் தூவினாள். "புள்ளைக்குத் தல வார நேரமில்ல, நாய்க்குப் பேன் பாக்கச் சொல்றா" என்று ராசம்மா கத்தினாள். "புள்ள கையால வாரிக்கும், நாயி வாரிக்குமா?" என்று திருப்பிக் கொடுத்தாள் இவள். எட்டு நாய்களுக்கு வெறும் தெள்ளும் உண்ணியும்தான். குளிப்பாட்டிப் பொறுக்கியதில் இரண்டு வாரத்தில் தேறிவிட்டன. ஒன்றுக்குக் காதில் மட்டும் சீழ். இளஞ்சூட்டுத் தேங்காயெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்து அதையும் ஆற்றினாள்.

அய்யாவு நாய்க்கு இருந்தது நிஜமான சொறி. அதைத் தனியாக மாட்டுக் கொட்டகையில் கட்டினாள். கட்டிவிட்டு டிரெசரிடம் போனாள். இந்த நடைதான் அவளுக்குப் பங்களாவுக்கு ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஐயா, இது ஒட்டுறதுதான். நீங்க சொன்னது இதுக்குச் சரி. மருந்து குடுங்க."

அம்பிகைபாகன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கெந்தகக் களிம்பு ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தார். "மண்ணெண்ணெய் சேர்க்காதை. மெல்லிசாப் பூசு. பூசிப்போட்டுக் கையை வடிவாக் கழுவு, என்ன?"

சிப்பாய்க்குத்தான் மருந்தே இல்லை. அதற்கு எதையும் கொடுக்காமல் இருப்பதுதான் வைத்தியம். அவள் வீட்டில் கருவாடு நின்றது. நெத்திலியும் நின்றது. ஆனால் லயத்தில் இருபது அடுப்பு. எந்த வாசலில் எந்த முள் கிடக்குமோ என்று கயிற்றோடு வேலைக்கே கூட்டிப் போனாள். புல்லில் நடந்து வந்தால் காலைக் கழுவித் துடைத்தாள். பத்தாம் நாள் வரை ஒரு மாற்றமும் இல்லை. பதினைந்தாம் நாள் இரவு அது நக்காமல் தூங்கியது. மூன்றாம் வாரம் வயிற்றுச் சிவப்பு வெளுத்தது.

மாதம் முடிந்து துரையும் டிரெசரும் லயத்துக்கு வந்தார்கள். பதினோரு நாயும் வாசலில் கட்டிக் கிடந்தன. அய்யாவு நாய்க்கு மயிர் முழுசாக வரவில்லை, ஆனால் புண் காய்ந்திருந்தது. துரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். டிரெசர் சிப்பாயின் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"மாறியிருக்கு, உண்மைதான். ஆனால் கருவாட்டாலதான் எண்டு எப்பிடிச் சொல்லுவாய்? ஒரு துண்டு குடுத்துப் பாப்பம். நாலு நாளில திரும்பி வந்தால் நான் ஒப்புக்கொள்ளுறன்."

நியாயமான கேள்விதான். சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். காளியம்மா ஒரு துண்டு எடுத்துவரக் கிளம்பிவிட்டாள்.

"நில்லுடி," என்றாள் வெள்ளையம்மா. "மூணு வருசம் அது பட்டது போதும். உங்கள ஒப்புக்க வைக்க அத இன்னொரு தடவ நோவ வைக்க மாட்டேன். உங்க களிம்புல ஆறுச்சுன்னு எழுதிக்கிறதுன்னா எழுதிக்குங்க ஐயா. எனக்கு நாய்தான் வேணும்."

அம்பிகைபாகன் நாயின் காலை மெதுவாகக் கீழே வைத்தார். எதையும் எழுதவில்லை.

உத்தரவு ரத்தானதாக யாரும் சொல்லவில்லை. சுடவும் வரவில்லை. துரைசானி தன் நாய்க்கு ஆயாவாக அவளைக் கூப்பிட்டனுப்பினாள். "வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாக்குறேன், அங்கயே இருக்க மாட்டேன்" என்று சொல்லியனுப்பினாள் இவள். துரைசானி சீமைக்குப் போகும் வரை அப்படியே நடந்தது.

இரண்டு வருஷம் கழித்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குத் திருப்பியனுப்பினார்கள். கப்பலுக்குப் பெயர் எழுதிய ஆபீஸ் கிராணி, "நாய்க்கெல்லாம் எடமில்ல" என்றார்.

"அப்ப என் பேரையும் எழுதாதீங்க."

"சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"அத நான் பாத்துக்கிறேன்."

ஒரு மூட்டையும் நாயுமாகச் சாஆவுக்கு நடந்தாள். ஊர் ஓரத்தில் காய்கறி போட்டிருந்த ஒரு சீனக் கிழவனுக்கு மண் கொத்திப் போட ஆள் வேண்டியிருந்தது. தோட்டத்து மூலையில் ஒரு கொட்டகை கொடுத்தான். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த பேச்சு சந்தை மலாய் கொஞ்சம். சிப்பாய் அங்கே இன்னும் ஏழு வருஷம் வாழ்ந்தது. மரக்கடைக்காரர்களும் பன்றி வளர்ப்பவர்களும் தங்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மருந்து கேட்டு வந்தவர்களிடம் அவள் முதலில் நாய் எங்கே கடித்துக்கொள்கிறது என்றுதான் கேட்பாள். சிப்பாய்க்கு முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்டால், "இது போவாது. இது அதோட ஒடம்பு. நாமதான் பாத்து நடந்துக்கணும்" என்பாள்.

ஒரு சீனப் புதுவருஷத்தன்று கிழவன் பாசத்தில் சிப்பாய்க்கு அரை மீனை வைத்துவிட்டான். வெள்ளையம்மா மண்வெட்டியோடு ஓடிவந்து போட்ட கூச்சல் சந்தை வரைக்கும் கேட்டதாம். வேலை போனாலும் போகட்டும் என்று மூட்டையையும் கட்டிவிட்டாள். கிழவன் படலை மறித்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை நாய்க்கு முன்னால் வைத்தான். அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.